மனைவியின் கைப்பேசியில் 23 படங்கள்: தகடு வைத்த காலில் புரையோடிய புண்

நோயாளி வந்து உட்கார்ந்ததும் நான் அவர் காலைப் பார்க்கக் குனிந்தேன். அதற்குள் மனைவி கைப்பேசியை நீட்டினார். "கட்டு மாத்துன ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கேனுங்க டாக்டர். தேதி எல்லாம் அதுலயே இருக்குதுங்க." மொத்தம் 23 படங்கள். முதல் படம் அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் எடுத்தது. கடைசிப் படம் அன்று காலை எடுத்தது, 81-ஆம் நாள்.

இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் படங்களே காரணம். எலும்பு முறிவைச் சேர்க்க உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி குடியேறிய பிறகு வரும் நோயாளிகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். எந்த நாளில் கை மீறிப் போனது என்று தேதியோடு காட்டும் ஆதாரம் அவர்களில் யாரிடமும் இருந்ததில்லை. நோயாளியின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

நோயாளி

வயது 41. பொள்ளாச்சிப் பக்கம் இளநீர் ஏற்றும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டி சொந்தம்தான், தவணை பாக்கி இருக்கிறது. இரவில் பைக்கில் வீடு திரும்பும்போது சறுக்கி விழுந்து வலது கீழ்க்கால் முறிந்தது. கணுக்காலுக்கு நான்கைந்து விரற்கடை மேலே கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியா பல துண்டு, பக்கத்துச் சிறிய எலும்பான ஃபிபுலாவும் போயிருந்தது. தோல் கிழியவில்லை. மறுநாளே வேறொரு இடத்தில் காலின் உட்புறமாகத் திறந்து தகடும் ஒன்பது ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள்.

தோல் கிழியாத முறிவில் கிருமித் தொற்று நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். எலும்பு வெளியே வந்து மண்ணும் சதைச் சிதைவும் சேர்ந்த கடும் காயங்களில் அது நூற்றுக்கு முப்பது வரை போகும். அந்தக் கணக்குப்படி இவர் பாதுகாப்பான பக்கத்தில் இருந்தவர். ஆனால் டிஸ்சார்ஜ் தாளிலேயே இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, அறுவை சிகிச்சையின்போது கால் வீங்கித் தோலில் நீர்க்கொப்புளங்கள் இருந்தன. இன்னொன்று, வந்த அன்று எடுத்த சுகர் 236. இரண்டையும் யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் எதுவும் செய்யவில்லை.

கீழ்க்காலின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. நடுவே சதை என்று ஒன்று கிடையாது. அங்கே வீக்கம் வடியுமுன் கீறி, கூடவே ஒரு தகட்டையும் உள்ளே வைத்துத் தைத்தால் தோல் விறைத்துப்போகும், ரத்தம் எட்டாமல் விளிம்பு கறுக்கும். வெளியிலிருந்து கம்பி போட்டுத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, தோலில் சுருக்கம் விழும்வரை ஒரு வாரமோ பத்து நாளோ காத்திருப்பது இதற்காகத்தான். காத்திருக்கும் நாட்களில் சுகரையும் கட்டுக்குள் கொண்டு வந்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவர் என்பதும் நாங்கள் கேட்ட பிறகுதான் எழுத்தில் ஏறியது.

படங்கள் சொன்னது

ஒன்பதாம் நாள் படத்தில் கட்டுத்துணியின் நடுவே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரு கறை. புண் என்று சொல்ல எதுவும் இல்லை, தையல் அப்படியே இருக்கிறது. பதினான்காம் நாள் தையல் பிரித்த படத்தில் நடுத் தையலின் இரு விளிம்பும் கறுத்திருக்கின்றன. பதினேழாம் நாள் கட்டு முழுதும் நனைந்திருக்கிறது. அன்று வீட்டருகே இருந்த கிளினிக்கில் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஏழு நாள் கொடுத்தார்கள். கறை சுருங்கியது. மாத்திரை தீர்ந்த நான்காம் நாள் மறுபடி நனைந்தது. அடுத்து அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், அதே கதை. மூன்றாவதாக லினசோலிட் பத்து நாள். அதன் பிறகு எடுத்த நான்கு படங்களில் கட்டே இல்லை, காய்ந்த தழும்பு மட்டும்தான். "சரியாயிடுச்சுன்னு பழனிக்குக் கூடப் போயிட்டு வந்தோமுங்க" என்றார் அவர். 70-ஆம் நாள் படத்தில் தழும்பின் மேல் ஒரு கொப்புளம். 74-இல் அது உடைந்து ஒரு துளை. 81-இல் அந்தத் துளை வழியே சீழ்.

ஒன்பதாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில்தான் இந்தக் கால் கைவிடப்பட்டது என்பது என் கணிப்பு. தகடு வைத்த இடத்தில் தையல் ஒரு வாரத்துக்கு மேல் கசிந்தால் அதைத் தொற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மருத்துவரின் பொறுப்பு. அந்த வாரத்தில் திறந்து, ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து, செத்த சதையை வெட்டிக் கழுவி, தோலைச் சரியாக மூடி, பொருத்தமான மருந்தைப் பன்னிரண்டு வாரம் கொடுத்திருந்தால், ஆடாமல் இறுகியிருந்த அந்தத் தகட்டையே வைத்துக்கொண்டு எலும்பைச் சேர்த்திருக்க வாய்ப்பு இருந்தது. ஆடாத உலோகம் தொற்று நேரத்திலும் நண்பன்தான். முறிவு அசைந்துகொண்டே இருந்தால் தொற்றும் அடங்காது, எலும்பும் சேராது.

நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன் பரப்பை முதலில் யார் பிடிப்பது என்று நம் உடல் செல்லுக்கும் கிருமிக்கும் போட்டி. இதைப் பரப்புக்கான பந்தயம் என்று 1987-இல் அமெரிக்க மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா விளக்கினார். கிருமி முந்திவிட்டால் குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதுபோல் ஒரு வழவழப்பான படலத்தைப் போட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். மாத்திரை கொடுத்தால் படலத்தை விட்டு வெளியே மிதக்கும் கிருமிகள் சாகும், கசிவு நிற்கும், எல்லோரும் நிம்மதியாவோம். படலத்துக்குள் இருப்பவை தூங்கிக்கொண்டிருக்கும். லினசோலிடுக்குப் பின் பழனிக்குப் போன அந்த நாட்கள் இப்படிப்பட்டவைதான். போதாக்குறைக்கு ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி எலும்புக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய கால்வாய்களுக்குள் தன் உடலை நெரித்துக்கொண்டு நுழைகிறது. இதை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2017-இல் எலிகளின் எலும்பில் மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். அந்தக் கால்வாய்க்குள் வெள்ளையணுவும் போகாது, மருந்தும் சரியாக எட்டாது. பத்து வாரம் கடந்துவிட்டால் தகட்டைக் கழுவி வைப்பது பெரும்பாலும் வீண் வேலையாகிறது.

எங்களிடம் வந்தபோது

காய்ச்சல் இல்லை. வெள்ளையணு 8,400, அதாவது இயல்பு. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி 38, இயல்பைவிட அதிகம். எக்ஸ்ரேயில் முறிவு சேரவே இல்லை, கீழ் மூன்று ஸ்க்ரூக்களைச் சுற்றிக் கறுப்பு வளையம். வெள்ளையணு சரியாக இருக்கிறது, அதனால் தொற்று இல்லை என்று முந்தைய தாள் ஒன்றில் எழுதியிருந்தார்கள். நாட்பட்ட எலும்புத் தொற்றில் வெள்ளையணு பெரும்பாலும் ஏறுவதில்லை. ரத்தப் பரிசோதனை எதுவும் தனியாக நின்று இந்தத் தொற்றை உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியாது.

2018-இல் வெளியான பன்னாட்டு வரையறைப்படி எலும்புவரை அல்லது உலோகம்வரை போகும் புரை, புண்ணிலிருந்து வடியும் சீழ், ஆழத்தில் எடுத்த குறைந்தது இரண்டு தனித்தனி மாதிரிகளில் ஒரே கிருமி, திசுவில் நுண்ணோக்கி வழியே கிருமி, இவற்றில் ஒன்று இருந்தாலே தொற்று உறுதி. இவருக்கு முதல் இரண்டும் கண்ணெதிரே. தொற்று உண்டா என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. எந்தக் கிருமி என்பதுதான் மிச்சம்.

அதற்கு ஒரு தாள் கொண்டு வந்திருந்தார். புரையின் வாயில் பஞ்சுக்குச்சி தடவி எடுத்த கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) சூடோமோனாஸ் என்ற கிருமி. அதை நம்பி ஊசி போட எழுதியும் கொடுத்திருந்தார்கள். நான் அதைத் தொடங்கவில்லை. புரையின் வாயில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், உள்ளே குடியிருப்பவர் வேறாக இருக்கலாம்.

இரண்டு வாரம் எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தச் சொன்னபோது மனைவி அதிர்ந்துவிட்டார். "சீழ் வடியறப்ப மருந்தை நிறுத்தச் சொல்றீங்களே டாக்டர்?" நியாயமான பயம். காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் விஷம் ஏறவில்லை, சீழுக்கு வெளியேற வழி இருக்கிறது, அதனால் தைரியமாகக் காத்திருக்கலாம், மருந்து உடம்பில் இருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் நம்மை ஏமாற்றும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் எந்த நேரமானாலும் வரச் சொல்லி எண் கொடுத்தோம். அந்த இரண்டு வாரத்தில் இன்சுலின் தொடங்கினோம், சில மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 10.1 இருந்தது. பீடியை அவரே நிறுத்தினார். என்னைவிட மகளின் அழுகைக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

வழிகள் மூன்று இருந்தன, மூன்றையும் சொன்னோம். செத்த எலும்பை வெட்டிவிட்டு, காலைச் சுற்றி வெளியே வளையம் பொருத்தும் இலிசரோவ் முறையில் எலும்பை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி நிரப்புவது. பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கெலே 1980-களில் தொடங்கிய இரண்டு கட்ட முறை: முதலில் இடைவெளியில் சிமென்ட், சில வாரம் கழித்து அதை எடுத்துவிட்டு எலும்புத் துகள். கடைசியாக, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துச் செயற்கைக் கால். மூன்றாவதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்றரை வருடச் சிகிச்சையைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு அதுவே நல்ல வழியாகவும் இருக்கலாம். இவர் இரண்டாவதைத் தேர்ந்தார். "ஆனா உள்ள இன்னொரு பிளேட்டு வேண்டாமுங்க" என்றார்.

முதல் அறுவை சிகிச்சை

திறக்கும்போது ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்தி வைத்திருந்தோம். மாதிரி ஐந்தும் எடுத்து முடித்த பிறகே மயக்க மருத்துவரிடம் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கத்தி, புதிய இடுக்கி, தனி டப்பா. ஒரே கருவியால் ஐந்தையும் எடுத்தால் ஒரு கிருமி ஐந்து டப்பாவிலும் ஏறி நம்மை முட்டாளாக்கும். ஆறாவதாக ஒரு துண்டு நோய்க்கூறியல் பிரிவுக்கு, இன்னொன்று காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு. நம் ஊரில் ஆறாத புரையில் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது.

கீழ் மூன்று ஸ்க்ரூக்கள் விரலால் திருகியதும் கையோடு வந்தன. தகட்டைத் தூக்கினால் அடியில் கஞ்சி ஆடைபோல் ஒரு வழவழப்பு. அதன் கீழே எலும்பு தந்தம் மாதிரி வெளுத்து, உளி பட்டால் வறண்ட மரச் சத்தம் கேட்டது. உயிருள்ள எலும்பு அப்படி ஒலிக்காது. உளியும் துளைப்பானுமாக மேலும் கீழும் போனோம். துளைப்பானின் சூட்டிலேயே எலும்பு சாகும் என்பதால் உப்புநீர் ஊற்றிக்கொண்டே செய்ய வேண்டும். எலும்பின் வெட்டு முகத்தில் மிளகாய்த் தூள் தூவினாற்போல் செம்புள்ளிகள் வரும்வரை நிறுத்தக் கூடாது. அந்தப் புள்ளிகள் வந்தபோது நடுவில் நான்கு சென்டிமீட்டர் எலும்பு இல்லை. இளம் மருத்துவர் ஒருவர், "இவ்வளவு எடுக்கணுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். இடைவெளியை நிரப்ப நமக்கு வழிகள் இருக்கின்றன, விட்டுவைத்த செத்த எலும்புக்கு எந்த மருந்தும் இல்லை என்றேன்.

ஒன்பது லிட்டர் உப்புநீரை உயரத்தில் தொங்கவிட்டு அதன் போக்கில் கழுவினோம். 2015-இல் வெளியான ஃப்ளோ ஆய்வு, 2,400-க்கும் மேற்பட்ட திறந்த முறிவு நோயாளிகளில், பீய்ச்சும் அழுத்தத்தால் தனி லாபம் இல்லை, சோப்புக் கரைசலைவிட வெறும் உப்புநீரே மேல் என்று காட்டியிருக்கிறது. அது புதுக் காயங்களைப் பற்றியது என்றாலும் எங்கள் பழக்கத்தை மாற்றியது. கழுவி முடித்ததும் எல்லோரும் கவுன், கையுறை, விரிப்பு மாற்றினோம். கருவித் தட்டும் புதிது.

வெட்டிய இடத்தைக் காலியாக விட்டால் ரத்தம் தேங்கி கிருமிக்குத் தீனியாகும். ஜென்டாமைசின் ஏற்கெனவே கலந்த 40 கிராம் எலும்பு சிமென்டில் நான்கு கிராம் வான்கோமைசின் தூளைக் கலந்து, பிசைந்த மாவு பதத்தில் இடைவெளியில் வைத்தோம். இறுகும்போது சிமென்ட் கொதிக்கும். இந்த இரண்டு மருந்தும் அந்தச் சூட்டைத் தாங்குபவை, அதனால்தான் இவை. ரத்தத்தில் ஏற்றினால் சிறுநீரகம் தாங்காத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் ஊறும். எலும்பை வெளியிலிருந்து கம்பிகளால் நிறுத்தினோம்.

மிச்சம் இருந்தது தோல். கீழ்க்காலின் மேல் பகுதிக்கும் நடுப் பகுதிக்கும் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடலாம். கணுக்கால் பக்கத்துக்கு அப்படி இரவல் தரச் சதை இல்லை. பிளாஸ்டிக் சர்ஜன்கள் அதே மேஜையில் தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு தசையை ரத்தக்குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் காலின் குழாயோடு தைத்து மூடினார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கியது இரவாகிவிட்டது. அவர்கள் இல்லாத இடத்தில் இந்த அறுவையைத் தொடங்கியிருக்க மாட்டேன், அனுப்பியிருப்பேன்.

மருந்து

மூன்றாம் நாள் ஐந்தில் நான்கு மாதிரிகளில் மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. சூடோமோனாஸ் ஒன்றில்கூட இல்லை. ஆறாம் நாள் ஐந்தாவது மாதிரியில் தோலில் சாதாரணமாக வாழும் வேறொரு ஸ்டேஃபிலோகாக்கஸ் தனியாக வந்தது. ஐந்தில் ஒன்று என்பதால் அதை ஒட்டிக்கொண்டு வந்தது என்று ஒதுக்கினோம். ஒரே ஒரு மாதிரி எடுத்திருந்தால், அதுவும் அந்த ஐந்தாவதாக இருந்திருந்தால், தவறான எதிரியோடு ஆறு வாரம் சண்டை போட்டிருப்போம். கல்ச்சரைப் பதினான்கு நாள் வைத்திருக்கச் சொல்லியிருந்தோம், வேறெதுவும் வரவில்லை. காசநோய் இல்லை.

வான்கோமைசின் இரண்டு வாரம் ரத்தக்குழாய் வழியே, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டு. பிறகு வாய்வழி கோ-டிரைமாக்சசோல், வாரம் ஒரு முறை பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்தபடி. எலும்புத் தொற்றுக்கு ஆறு வாரமும் ஊசிதான் என்பது பழைய நம்பிக்கை. 1,054 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளிவந்த ஒவைவா ஆய்வில் ஊசியில் தொடர்ந்தவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும், மாத்திரைக்கு மாறியவர்களில் 13.2 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. கிருமிக்கு ஏற்ற மாத்திரை இருந்து நோயாளி ஒழுங்காகச் சாப்பிடுவார் என்றால் அவரை ஆறு வாரம் வார்டில் அடைத்து வைப்பதில் அர்த்தம் இல்லை. இவருக்கு அது வாடகையும் கூலியும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரிஃபாம்பிசின் ஏன் கொடுக்கவில்லை என்று பிறகு கேட்டார்கள். உலோகத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு ஸ்டேஃபிலோகாக்கஸை எதிர்க்கும்போது அது படலத்துக்குள் புகும் அருமையான மருந்து. அப்போதும் புண் காய்ந்த பிறகு, இன்னொரு மருந்தோடு சேர்த்துத்தான். தனியாகக் கொடுத்தால் சில நாட்களிலேயே கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும். இவருக்குத் தகட்டை எடுத்தாகிவிட்டது. காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்தைத் தேவையில்லாத இடத்தில் செலவழிக்க எனக்கு மனமில்லை.

ஆறாம் வாரம் எல்லா மருந்தையும் நிறுத்தினோம். தசைத் தைப்பின் ஓரம் கொஞ்சம் கறுத்துக் கட்டிலேயே ஆறியது. இரண்டு வாரம் மருந்தில்லாமல் கவனித்தோம். புண் காய்ந்தே இருந்தது. சிஆர்பி 4.

இரண்டாம் கட்டமும் அதன் பிறகும்

எட்டாம் வாரம் தசையை ஓரமாகத் தூக்கித் திறந்தபோது சிமென்டைச் சுற்றிப் பாலாடைபோல் ஒரு சவ்வு வளர்ந்திருந்தது. தொட்டால் ரத்தம் கசிந்தது. மாஸ்கெலே முறையின் உயிரே அதுதான்: உள்ளே வைக்கும் எலும்புத் துகளுக்கு அது பையாகவும் இருக்கும், ரத்தமும் கொடுக்கும். சிமென்டை உளியால் துண்டு துண்டாக உடைத்து எடுத்து, மறுபடி ஐந்து மாதிரி அனுப்பினோம். பின்னால் பதினான்கு நாளும் எதுவும் வளரவில்லை. இரு பக்க இடுப்பெலும்பிலிருந்தும் எடுத்த துகளால் பையை நிரப்பித் தைத்தோம். அவர் கேட்டபடி உள்ளே உலோகம் வைக்கவில்லை. வெளிக் கம்பியை மாற்றி இலிசரோவ் வளையம் போட்டோம்.

வளையம் ஏழு மாதம் இருந்தது. இரண்டு முறை கம்பி நுழையும் இடத்தில் சிவந்து மாத்திரையில் அடங்கியது. ஐந்தாம் மாதம் சிஆர்பி 22-க்கு ஏறியபோது எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. கடைசியில் அது சொத்தைப் பல்லின் சீழ்.

இதில் எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் பதிய வேண்டும். முதல் கட்டத்தில் வெளிக் கம்பியைப் பாதம்வரை நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். புண்ணையும் எலும்பையுமே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதம் கீழ்நோக்கி இறுகிவிட்டது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் முழுதாகத் திரும்பவில்லை. அவரால் இன்று சம்மணம் போட முடிகிறது, குத்தவைத்து உட்கார முடியவில்லை.

செலவு குறித்து ஒன்று. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து ஏற்கிறது. எத்தனையோ உயிர்களுக்கு அது துணை. தொற்று வருவதோ ஒன்பதாம் நாளுக்குப் பிறகு. இந்தக் குடும்பத்தின் நகைகள் அடகுக்குப் போனதும், சரக்கு ஆட்டோவை விற்றதும் அந்த 48 மணி நேரத்துக்கு வெகு காலம் கழித்து. முறிவுக்கு உலோகம் வைத்த ஒவ்வொருவரையும் முதல் மூன்று வாரத்தில் வைத்தவரே இரண்டு முறை கட்டைப் பிரித்துப் பார்ப்பது என்ற ஒரே ஏற்பாடு இவர்களுக்கு அத்தனையையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

வளையம் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. எலும்பு நான்கு பக்கமும் சேர்ந்திருக்கிறது. கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை, செருப்பின் அடியில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். எச்பிஏ1சி 7.2. இப்போது இன்னொருவர் வண்டிக்குச் சம்பள ஓட்டுநர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார், இன்னும் பல வருடம் வரச் சொல்லியிருக்கிறேன், எலும்புத் தொற்று பத்து வருடம் கழித்தும் தலைகாட்டும். போன முறை மனைவி கைப்பேசியில் புதிதாக ஒரு படம் காட்டினார். தன் தம்பிக்குக் கை முறிந்து தகடு வைத்து எட்டாம் நாள், கட்டில் ஒரு சின்ன ஈரம். "இதைக் காட்டத்தான் மொதல்ல வந்தோமுங்க" என்றார். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே அவரை அறுவை அரங்குக்கு எடுத்துக்கொண்டோம்.